செருப்பில் வெட்டிய வாஷர்

ரேடியேட்டர் ஒழுகினால் இரண்டு கரண்டி மஞ்சள் தூள் போதும். சிலர் முட்டையின் வெள்ளைக்கருவை ஊற்றச் சொல்வார்கள். அதுவும் அடைக்கும், ஆனால் பத்து நாளில் வண்டிக்குள் உட்கார முடியாதபடி நாறும். மஞ்சளில் அந்தத் தொல்லை இல்லை. பெட்ரோல் டேங்கில் ஊசி முனை அளவு ஓட்டை என்றால் துணி சோப்பை அழுத்தித் தேய்த்துவிட்டு ஊர் போய்ச் சேரலாம். ஃபேன் பெல்ட் அறுந்தால் பழைய நைலான் புடவையை முறுக்கிக் கட்டலாம். மழையில் வைப்பர் படுத்துவிட்டால் கண்ணாடியில் புகையிலையைத் தேய்க்க வேண்டும், தண்ணீர் நிற்காமல் வழியும். கொலைக் கேஸில் இதெல்லாம் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம், இன்ஸ்பெக்டர் அம்மா. பேப்பர் கொடுத்தபோது ஆரம்பத்திலிருந்து எழுதுங்கள் என்றீர்கள். ஆரம்பம் இதுதான்.

என் பெயர் ஈஸ்வரமூர்த்தி. வயது ஐம்பத்து நான்கு. சொந்த ஊர் ராசிபுரம் பக்கம். செம்மேட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக உதவியாளர். கீழே இருப்பவர்களை இந்தக் கொல்லிமலைக்கு மாற்றினால் ஏதோ நாடு கடத்திவிட்ட மாதிரி அழுவார்கள். ஆறு மாதத்தில் யார் காலையாவது பிடித்து இறங்கிவிடுவார்கள். நான் இறங்கவில்லை. மனைவி இறந்த பிறகும் இறங்கவில்லை. மகள் மோனிஷா நாமக்கல்லில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். க்வார்ட்டர்ஸில் நான் தனியாள்.

தனியாள் என்றேன், ஆனால் என் வாசல் காலியாக இருந்ததே கிடையாது. இங்கே பெரிய ரிப்பேர் என்றால் வண்டி அடிவாரத்துக்கு இறங்க வேண்டும். இறங்குகிற நிலையில் இல்லாத வண்டி எப்படி இறங்கும்? அதனால் என்னிடம் வருவார்கள். ஆம்னி வரும், ஜீப் வரும், டாக்டரம்மாவின் கார்கூட வந்திருக்கிறது. நான் யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. கொஞ்சம் மிளகு கொடுப்பார்கள், ஒரு பலாப்பழம் கொடுப்பார்கள். 'ஈஸ்வரமூர்த்தி சார் கை வச்சா வண்டி பேசும்' என்பார்கள். ஆபீஸில் எனக்குப் பிறகு சேர்ந்தவர்கள் எல்லாம் கண்காணிப்பாளர் ஆகிவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. இந்த ஒரு பெயர் எனக்குப் போதும் என்று இருந்தேன். அதைத் தொட்டால்தான் எனக்குப் பொறுக்காது.

இரண்டு வருடத்துக்கு முன்பு, பலாப்பழம் இறங்குகிற நேரம், திண்ணனூர் நாடு என்கிற மலைக் கிராமத்தைச் சேர்ந்த சென்றாயன் தன் ஜீப்பைக் கொண்டுவந்தான். மிளகும் மரவள்ளியும் போடுகிற விவசாயி, சொந்தக் காட்டுப் பழத்தைத் தானே கீழே கொண்டுபோய் விற்பவன். பிரேக் மிதி இறங்குகிறது என்றான். பிரேக்கை மிதித்தால் எண்ணெயைத் தள்ளுகிற சிலிண்டருக்குள் சின்னக் கிண்ணம் போல ஒரு ரப்பர் இருக்கும். வாஷர் என்போம். அது தேய்ந்திருந்தது. புதிது சேலத்திலிருந்து வர இரண்டு நாள் ஆகும். அதற்குள் அறுத்து வைத்த பழம் அத்தனையும் அழுகிவிடும் என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

என்னிடம் ஒரு பழைய ரப்பர் செருப்பு இருந்தது. நீலப் பட்டை, குதிகால் பக்கம் நல்ல தடிமன். பிளேடால் வட்டமாக வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, நடுவில் குழி எடுத்து, ஒன்றரை மணி நேரத்தில் ஒரு வாஷர் செய்தேன். பார்த்தால் கம்பெனிச் சரக்கு தோற்கும். மாட்டி, எண்ணெய் ஊற்றி, காற்றை வெளியேற்றி, மிதித்துப் பார்த்தேன். கல் போல நின்றது. சென்றாயன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். எதில் செய்தீர்கள் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பதினோரு நாள் கழித்துக் காரவள்ளி ரோட்டில், முப்பத்தேழாவது வளைவில், ஜீப் தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு கீழ் வளைவு ரோட்டில் போய் விழுந்தது. சென்றாயன் பாதியிலேயே வெளியே எறியப்பட்டுப் பிழைத்தான். அவன் மனைவி அத்தாயி பின்னால் பழங்களின் மேல் உட்கார்ந்து வந்தாள். அவள் ஜீப்புக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருந்தாள். ஆபீஸ் வேலையாகக் கீழே போன நான் அங்கே இறங்கிப் பார்த்தேன். பழங்கள் உடைந்து ரோடெல்லாம் சுளையாகக் கிடந்தன. எது பழம், எது அவள் என்று பிரித்து எடுக்க நான்கு பேருக்கு அரை மணி நேரம் ஆனது. ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

ஜீப்பின் முன்பக்கம் நசுங்கிப்போயிருந்தது. சிலிண்டரை யாரும் திறந்து பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. என் வேலை எனக்குத் தெரியும், பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. மலைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, அம்மா. டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்குவார்கள். அப்படி உருட்டினால் எந்தப் பிரேக்தான் தாங்கும்? அன்றைக்கே அங்கே நின்றவர்களிடம் நான் அதைத்தான் சொன்னேன். சென்றாயன் வாயில் முந்தின நாள் குடித்த வாடையும் இருந்தது. உங்களுக்கு முன்பு இங்கே இருந்த இன்ஸ்பெக்டர் இரண்டையும் சேர்த்து எழுதிக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் செம்மேடு பஸ் ஸ்டாண்டில் அத்தாயியின் தம்பி இளங்கோவும் அவன் பங்காளிகளும் சென்றாயனைப் பிடித்துக்கொண்டார்கள். தலையில் கட்டுப் போட்டபடி பஸ்ஸிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தான். இளங்கோ கையில் ஜாக்கி ராடு இருந்தது. முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது அடியில் முழங்கை மடங்கக் கூடாத பக்கம் மடங்கியது. கீழே விழுந்த பிறகு உதைத்தார்கள். இடது கண் அப்போதுதான் போயிற்று. அவன் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தான், நான் மிதித்தேன், மிதி தரைக்குப் போய்விட்டது என்று. கூட்டத்தில் எல்லோரும் அடித்தார்கள். நானும் குனிந்து ஓர் அறை விட்டேன். எல்லோரும் அடிக்கும்போது ஒருவன் மட்டும் சும்மா நின்றால் ஏன் என்று கேட்பார்கள் அல்லவா? அதற்குப் பிறகு அவர்களை விலக்கிவிட்டதும் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் அவனைப் போய்ப் பார்த்தேன். ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிப் போனேன். தனி ஆளாகக் கிடந்தான், பார்க்கப் பாவமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் ஒற்றைக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"ஏனுங்க சார், நான் மிதிச்சனுங்க. ரெண்டாவது கியர்லதானுங்க வந்தேன். மிதி சும்மா தரைக்குப் போயிருச்சுங்க."

"குடிச்ச காலு எங்க மிதிக்குதுன்னு உனக்கு எப்படிச் சாமி தெரியும்?" என்றேன். "கிளட்சத்தான் மிதிச்சிருப்பே."

அவன் யோசித்தான். அதற்குப் பிறகும் இரண்டு, மூன்று முறை போய் அன்பாகவே எடுத்துச் சொன்னேன். மனிதனுக்கு மனம் ஒன்றில் நிலைக்க வேண்டும், இல்லாவிட்டால் பைத்தியம் பிடிக்கும். நான்காவது முறை அவனே சொன்னான்: "கிளட்சத்தானுங்க மிதிச்சிருப்பேன். நாந்தானுங்க அவளக் கொன்னுட்டேன்." எனக்கு நிம்மதியாக இருந்தது. கேஸ் நாமக்கல் கோர்ட்டில் இழுத்துக்கொண்டிருந்தது. ஜீப் பழைய இரும்புக்குப் போனது.

இனி ஆல்பர்ட். பக்கத்து க்வார்ட்டர்ஸ் பையன் என்றுதான் சொல்வேன், வயது முப்பத்தொன்று. எங்கள் ஆபீஸில்தான் வேலை. கரூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவன், மனைவி பெயர் மெர்சி. என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவான். வேலை கற்றுக்கொள்ள ஆசைப்பட்டான். ஒல்லியான உடம்பு, எந்த வண்டிக்கு அடியிலும் வழுக்கிக்கொண்டு போய்விடுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்குப் போய்விட்டு நேராக என் வாசலுக்கு வந்துவிடுவான். எனக்கும் அவன் வந்தால் பொழுது நன்றாகப் போகும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, அவன் மேல் எனக்குப் பிரியம் இருந்தது.

என் வாசலில் ஒரு சட்டம் உண்டு. வண்டிக்கு அடியில் போகிறவன் தன் செருப்பைக் கழற்றிப் பானெட் மேல் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். செருப்பு மேலே இருந்தால் கீழே உயிர் இருக்கிறது என்று அர்த்தம். யாரும் வண்டியைத் தொடக் கூடாது, கதவைக்கூட அறையக் கூடாது. ஒருமுறை மெர்சி, சாணி ஒட்டிய செருப்பு வண்டிமேல் இருக்கிறதே என்று எடுத்துக் கீழே போட்டுவிட்டாள். அன்றைக்கு அவளை நான் திட்டிய திட்டில் அழுதுவிட்டாள். அதற்குப் பிறகு வாசலைக் கடக்கும்போதெல்லாம் முதலில் பானெட்டைத்தான் பார்ப்பாள்.

மெர்சி உண்டானதும் ஆல்பர்ட் ஒரு பழைய கார் வாங்கினான். அதிலும் பிரேக் தொந்தரவு. நான் லீவில் இருந்த ஒரு நாள், அவன் ஆபீஸில் இருந்தபோது பார்த்துக் கொடுத்தேன். அந்தச் செருப்பின் இன்னொரு கால் மிச்சம் இருந்தது. ஒரு மாதத்துக்குமேல் ஓடியது. போன மாதம் மெர்சியை செக்கப்புக்கு அழைத்துக்கொண்டு முள்ளுக்குறிச்சி வழியாக இறங்கும்போது மிதி தரைக்குப் போய்விட்டது. ஆல்பர்ட் கெட்டிக்காரன். பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைப் பக்கமே திருப்பிப் பாறையோடு உரசி நிறுத்திவிட்டான். மெர்சி ஏழு மாதம். நெற்றி கண்ணாடியில் மோதிக் கிழிந்தது, முன்பல் இரண்டு உதிர்ந்தன. குழந்தைக்கு ஒன்றுமில்லை.

காரை இழுத்துக்கொண்டு போய் அடிவாரத்தில் பூபதி என்கிற மெக்கானிக்கிடம் விட்டிருக்கிறான். பூபதி சிலிண்டரைத் திறந்து பார்த்துச் சிரித்திருக்கிறார். படம் எடுத்து வைத்துக்கொண்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒரு மெக்கானிக் இன்னொருவர் வேலையைப் பார்த்துச் சிரிப்பது பண்பாடான காரியம் இல்லை. அதை அவரிடம் நேரிலேயே சொல்ல நினைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஆல்பர்ட் ஒரு கேரி பையோடு என் வீட்டுக்கு வந்தான். பைக்குள் என் வாஷர் இருந்தது. எண்ணெயில் ஊறி இட்லி போல உப்பி, ஒரு ஓரம் பிய்ந்திருந்தது. அவன் சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் ஒருவேளை வேறு மாதிரி ஆகியிருக்கும். அவன் மேஜைமேல் வைத்துவிட்டு மெதுவாகத்தான் கேட்டான்.

"அண்ணா, சென்றாயன் ஜீப்புக்கும் இதேதான் போட்டீங்களா?"

ஆமாம் என்றேன். பொய் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. என் வேலையை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

அவன் வாஷரை மறுபடியும் பைக்குள் போட்டான். பிறகு, திங்கட்கிழமை நாமக்கல் போய் சென்றாயனின் வக்கீலைப் பார்க்கலாம், இந்த மாதக் கடைசியில் தீர்ப்பு, அதற்குள் சொன்னால் அந்த மனிதன் தப்பிப்பான் என்றான். ஜெயிலைவிடப் பெரிய தண்டனை அவன் தலைக்குள் நடந்துகொண்டிருக்கிறது, தானே பெண்டாட்டியைக் கொன்றதாக நினைத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணோடு காட்டில் பேசிக்கொண்டு திரிகிறான் என்றான்.

"தெரியாமச் செஞ்சதுக்கு யாரும் உங்களத் தூக்குல போட மாட்டாங்கண்ணா. நானும் கூட வாரேன். நாம ரெண்டு பேருமே போய்ச் சொல்லிரலாம்."

"வேற யாருகிட்டயாவது சொன்னியா கண்ணு?"

"மெர்சிகிட்டக்கூடச் சொல்லலீங்கண்ணா. மொதல்ல உங்க வாயால கேக்கணும்னு வந்தேன்."

சரி என்றேன். திங்கட்கிழமை போகலாம் என்றேன். நாளைக்குக் காலையில் என் காரில் சைலன்சர் வேலை இருக்கிறது, பாதியில் கிடக்கிறது, கொஞ்சம் கை கொடுத்துவிட்டுப் போ என்றேன். அதற்கென்னண்ணா, சர்ச் முடிந்ததும் வருகிறேன் என்று எழுந்தான். போகும்போது பையை என்னிடமே விட்டுவிட்டுப் போனான், நாமக்கல்லுக்கு நான்தான் எடுத்து வருவேன் என்ற நம்பிக்கையில். அவன் போனதும் அதை வெந்நீர் அடுப்பில் போட்டேன். கரும்புகையாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் காரின் முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, இரண்டு பக்கமும் பலாக்கட்டை அண்டக் கொடுத்தேன். முன் சக்கரம் இரண்டையும் கழற்றிக் கொட்டகைக்குப் பின்னால் சாத்தினேன். சைலன்சர் வேலைக்குச் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லையே என்று பூபதி உங்களிடம் சொல்லியிருப்பார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். சக்கரம் இருந்தால் வண்டி ஓரளவுக்குமேல் இறங்காது.

பத்தரை மணிக்கு ஆல்பர்ட் வந்தான். சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்துக் கொடுத்தான். செருப்பைப் பானெட் மேல் வைத்தான். உள்ளே போனான். உடைந்த இடத்தில் சுற்ற எண்ணெய் டின்னிலிருந்து ஒரு தகடு வெட்டி வைத்திருந்தேன், கட்டுக்கம்பியையும் கொடுத்தேன். இந்த முறை அவன் போட்ட முடிச்சு நன்றாகவே இருந்தது. இன்னும் கொஞ்சம் முன்னால் வா, இன்ஜினுக்கு நேர் கீழே பிடி என்றேன். நெஞ்சு சரியான இடத்துக்கு வந்ததும் சுத்தியலால் இடது கட்டையைத் தட்டினேன், பிறகு வலது கட்டையை. என்னண்ணா சத்தம் என்று கேட்டான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ஜாக்கியின் திருகைத் திறந்தேன்.

பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. ஈர விறகை முழங்காலில் வைத்து முறிக்கிற அளவுதான். கால் இரண்டும் தரையை உதைத்தன, குதிகால் தோல் உரிந்து மண்ணில் கோடு விழுந்தது. கைக்குக் கிடைத்த ஸ்பேனரால் அவன் தகட்டைத் தட்டிக்கொண்டிருந்தான். தட்டுவது நிற்கட்டும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. எனக்கே மனசு கேட்காமல் மறுபடியும் ஜாக்கியை அடித்து நான்கு விரல் உயரம் தூக்கிக் குனிந்து பார்த்தேன். வாயிலும் மூக்கிலும் ரத்தம் நுரைத்திருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. நான் காப்பாற்ற வந்துவிட்டதாக நினைத்திருக்கிறான்.

"அண்ணா, இன்னுங் கொஞ்சம் தூக்குங்கண்ணா," என்றான்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் பேசுவான். அதனால் மறுபடியும் இறக்கினேன். இந்த முறை மெதுவாகத்தான் இறக்கினேன்.

அதற்குப் பிறகு செய்த காரியத்தில்தான் மாட்டிக்கொண்டேன். பானெட் மேல் செருப்பு இருந்தால், ஆள் இருப்பது தெரிந்தே நான் வண்டியைத் தொட்டேன் என்று ஆகிவிடும். எனவே செருப்பை எடுத்து, துடைத்து, படிக்கட்டு ஓரம் ஜோடியாக வைத்தேன். சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே போய்விட்டான், ஜாக்கி வழுக்கிவிட்டது என்று கத்தினேன். எல்லோரும் ஓடிவந்தார்கள். எல்லோரும் நம்பினார்கள். மெர்சி மட்டும் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பிணத்தைப் பார்க்காமல் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குமுன் அரிசி களைந்த தண்ணீரைக் கொட்ட வந்தபோது அவள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள், செருப்பு பானெட் மேல்தான் இருந்திருக்கிறது. நானே திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்த பாடம்.

ஆக, ஆல்பர்ட்டைக் கொன்றது நான்தான். யோசித்து, முந்தின நாளே முடிவு செய்து, இரண்டு முறை இறக்கிக் கொன்றேன். யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. இதையே மாஜிஸ்திரேட் முன்பும் சொல்லுவேன். மெர்சிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவள் நேற்று ஸ்டேஷனில் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள், எனக்குச் சோறு இறங்கவில்லை. தூக்கோ ஆயுளோ, எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் அத்தாயி செத்ததற்கு என் வாஷர்தான் காரணம் என்று எழுதச் சொல்கிறீர்கள். அதை மட்டும் எழுத மாட்டேன். அந்த வாஷரில் ஒரு குறையும் இல்லை. சென்றாயன் இறக்கத்தில் உருட்டியிருக்கிறான். ஆல்பர்ட்டுக்கும் ஓட்டத் தெரியவில்லை, மிதியிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கியிருப்பான். கையால் செய்தது என்றால் இளக்காரம், கம்பெனி முத்திரை இருந்தால் கும்பிடு, இதுதான் இந்தக் காலத்துப் புத்தி. அந்த ரப்பர் சரியாகத்தான் இருந்தது என்பதை எந்தக் கோர்ட்டிலும் சொல்லுவேன்.

இன்று காலை என் கண் முன்னாலேயே பூபதியை விட்டு என் காரின் பிரேக்கைத் திறக்கச் சொன்னீர்கள். உள்ளே இருந்தது கம்பெனி வாஷர்தான், சேலத்தில் நானே போய் நின்று வாங்கி வந்தது, வருடம் ஒருமுறை மாற்றுவேன். செருப்பு வாஷர் அவ்வளவு நல்லது என்றால் உங்கள் வண்டியில் ஏன் போடவில்லை என்று கேட்டீர்கள். அப்போது பதில் சொல்லாமல் இருந்ததற்கு மன்னிக்க வேண்டும், கூட்டமாக இருந்தது. மறைக்க அதில் ஒன்றுமில்லை. மாதம் ஒருமுறை லீவுக்கு வருபவளை நான்தான் நாமக்கல் போய்க் காரவள்ளி வழியாக ஏற்றிக்கொண்டு வருவேன், நான்தான் கொண்டுபோய் விடுவேன். அந்த வண்டியில் என் மகள் உட்காருவாள், அம்மா.